கேபிளைக் கழற்றிப் பார்த்தீர்களா?

வாங்கலாமா வேண்டாமா என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால் எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடிவிடும். வீட்டில் அந்தப் பாக்கியம் இல்லை. போன தீபாவளிக்கு வந்த மிக்சியை நான் அட்டைப்பெட்டி பிரித்த பிறகுதான் பார்த்தேன். முப்பத்தோரு வருடம் வயர்லெஸ் பணிமனையில் வேலை பார்த்தவன் என்பதெல்லாம் சட்னி அரைக்கும் இடத்தில் செல்லாது. அதனால் கலைவாணி போன் செய்தபோது, பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டேன்.

கலைவாணி கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் சாலையில் வாக்கி-டாக்கி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். எங்கள் பணிமனைக்கு ஒரு வருடம் பயிற்சிக்கு வந்தவர். வேலை நிரந்தரமாகவில்லை, சொந்தமாகக் கடை போட்டுவிட்டார். திருவிழா, கல்யாண மண்டபம், அரிசி ஆலை என்று செட்டுகளை வாடகைக்கு விட்டும் ரிப்பேர் செய்தும் பதினைந்து வருடம் ஓட்டியாகிவிட்டது. இப்போது ஒரு பெரிய வேலை வந்திருக்கிறது. கல்வராயன் மலையில் நடமாடும் மருத்துவ வண்டி விடுகிற ஒரு அறக்கட்டளை, தன்னிடம் இருக்கும் இருபத்தாறு செட்டுகளையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுக்கத் தயாராக இருக்கிறது. செல்போனில் சிக்னல் கோடு விழாத ஊர்கள் மலையில் இன்னும் இருக்கின்றன. நிபந்தனை ஒன்றுதான். ஒவ்வொரு செட்டும் எவ்வளவு மெல்லிய சிக்னல் வரைக்கும் கேட்கிறது என்று சோதித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

அந்தச் சோதனைக்கு சிக்னல் ஜெனரேட்டர் வேண்டும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நாம் கேட்கும் அலைவரிசையில், நாம் சொல்லும் அளவுக்கு, ஒரு பொய் சிக்னலை உண்டாக்கித் தரும் பெட்டி அது. காது டாக்டர் தள்ளி நின்று முணுமுணுத்து, "கேக்குதா, இப்ப கேக்குதா?" என்று கேட்பாரே, அதே வேலைதான். நல்ல கம்பெனி பெட்டியின் விலையில் ஓடுகிற நிலையில் ஒரு பழைய கார் வாங்கலாம். கலைவாணி வாங்கியிருந்தது இணையத்தில் கிடைக்கும் மலிவுப் பெட்டி, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். ஆறு நாள் போய்விட்டிருந்தது.

"வேலை செய்யுது சார். ஆனா நம்பலாமான்னு தெரியலைங்க. இத்த நம்பித்தான் நான் கையெழுத்துப் போடணும்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கிளப்பியது. மலிவுப் பெட்டியை நம்பிக் கையெழுத்துப் போட்டவன் ஒருவன் ஏற்கனவே இந்த மாவட்டத்தில் இருக்கிறான். அது நான்தான்.

நான் எலவனாசூர்கோட்டையிலிருந்து ஐ.டி.ஐ. முடித்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு வேலைக்கு வந்தவன். முதல் இரண்டு வருடம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சால்டரிங் புகையை மூக்கில் இழுத்தேன், திட்டு வாங்கினேன், விரலைச் சுட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் நடேசன் ஐயாவின் கீழ் வந்தேன்.

நடேசன் ஐயா எங்கள் பணிமனையின் பொறியாளர். அவர் திட்டி நான் கேட்டதே இல்லை. தப்பு செய்தால் "சரி" என்பார். பெரிய தப்பு செய்தால் "சரி, சரி" என்பார். இரண்டாவது 'சரி' வந்துவிட்டால் எங்களுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. காலையில் வந்ததும் மேசையிலுள்ள மிஷின்களையெல்லாம் ஆன் செய்துவிட்டு எங்களை டீக்கடைக்கு அழைத்துப் போவார். திரும்பி வந்தபிறகுதான் யாரும் குமிழைத் தொடலாம். "அதுவும் டீ குடிச்சிட்டு வரட்டும்" என்பார். மிஷின் சூடேறி நிலைக்கு வர அரை மணி நேரம் ஆகும், அதற்கு முன்னால் அது காட்டும் அலைவரிசை நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதை அவர் ஒருநாளும் பாடமாகச் சொன்னதில்லை. டீயாகத்தான் வாங்கிக் கொடுத்தார்.

அப்போது எங்கள் துறை மலைக்கு ஒரு மருத்துவ ஜீப் விட்டிருந்தது. வெள்ளிமலையில் நர்ஸ் இருக்கும் இடத்தில் ஒரு செட், ஜீப்பில் ஒரு செட், அடிவாரத்திலும் மற்ற ஊர்களிலுமாகப் பத்து. பன்னிரண்டையும் வருடத்துக்கு ஒருமுறை இறக்கிச் சோதிப்போம். அந்த வருடம் எங்கள் பெரிய ஜெனரேட்டர் பழுதாகிச் சென்னைக்குப் போயிருந்தது. உள்ளூரிலேயே உதிரிப் பாகங்களை வாங்கிப் பெட்டி செய்து விற்கும் ஒருவர், எங்கள் மிஷினின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு ஒன்று கொண்டுவந்தார். ஐயா மகள் கல்யாணத்துக்காக லீவில் கிளம்பிக்கொண்டிருந்தார். "பார்த்து வாங்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பார்த்தேன். எதைப் பார்த்தேன் என்பதுதான் கேள்வி. முள் நன்றாக ஆடியது. குமிழ் வெண்ணெய் போலத் திரும்பியது. பச்சை பெயிண்ட் பளபளவென்று மூடி விளிம்பு வரைக்கும் அடித்திருந்தது. வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு பன்னிரண்டு செட்டையும் அதில் மாட்டிச் சோதித்தேன். ஒவ்வொன்றும் ஒரு மைக்ரோ வோல்ட்டில் பத்திலொரு பங்கு சிக்னலைக்கூடத் துல்லியமாகக் கேட்டது. புது செட்டே அப்படிக் கேட்காது. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. என் கைராசி என்று நினைத்துக்கொண்டு பன்னிரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மலையில் ஒருவர் பலா மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. நர்ஸ் அரை மணி நேரம் ஜீப்பைக் கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. ஊர்க்காரர்கள் மூங்கிலில் தூளி கட்டி அவரைச் சுமந்துகொண்டு மலைப்பாதையில் இறங்கினார்கள். நான்கு மைல் இறங்கியபிறகு ஒரு வளைவில், புளியமரத்தடியில், ஜீப் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஏழுமலை சாப்பிட்டு முடித்துத் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். செட் ஆனில்தான் இருந்தது, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அடிபட்டவரை ஏழுமலைதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கால் பிழைத்தது. அந்த மனிதர் அடுத்த வருடமே மறுபடி பலா மரம் ஏறினார் என்று கேள்வி. ஆனால் ஏழுமலையின் வேலைதான் மரத்திலிருந்து விழப் பார்த்தது. செட் பேசவே இல்லை என்று அவர் சொன்னார். தூங்கிவிட்டுக் கதை சொல்கிறார் என்றார்கள். அதிகாரி என்னைக் கூப்பிட்டு செட் எப்படி என்று கேட்டார். ஜீப் செட்டைக் கழற்றி வந்து என் பச்சைப் பெட்டியில் மறுபடி மாட்டினேன். அதே பத்திலொரு பங்கு. 'செட்டில் குறை எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு வரி போதும், அவரை வீட்டுக்கு அனுப்ப. உத்தரவு தட்டச்சுக்குப் போய்விட்டது.

மறுநாள் நடேசன் ஐயா லீவு முடிந்து வந்தார். கல்யாண லட்டு கொடுத்தார். என் தாளைப் படித்தார். மிஷினை ஆன் செய்து என்னை டீக்கு அழைத்துப் போனார். வந்ததும் ஜீப் செட்டைப் பெட்டியோடு இணைத்து, சிக்னலை வைத்தார். செட்டில் 'கூ' என்ற சத்தம் கணீரென்று வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஐயா பெட்டிக்கும் செட்டுக்கும் நடுவில் இருந்த கேபிளை இரண்டு பக்கமும் கழற்றினார். நிதானமாகச் சுருட்டினார். தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சத்தம் நிற்கவில்லை. 'கூ' என்று கணீரென்றே வந்துகொண்டிருந்தது.

"கேபிள் என் பையில இருக்கு. அப்புறம் இது எந்த வழியா கேட்குது?" என்றார்.

பெட்டியின் மூடிக்கும் உடலுக்கும் நடுவே பெயிண்ட் இருந்ததால் தகரமும் தகரமும் ஒட்டவில்லை. அந்த இடுக்கு வழியாக உள்ளே இருந்த முழு சிக்னலும் காற்றில் கசிந்துகொண்டிருந்தது. நான் குமிழைத் திருப்பி முணுமுணுப்பு என்று வைத்தாலும், பெட்டி பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தது. செவிட்டு செட்டுக்கும் அது கேட்டது. உண்மையில் ஜீப் செட்டின் முதல் டிரான்சிஸ்டர் எப்போதோ போய்விட்டிருந்தது. மலையின் ஒரு மடிப்புக்கு அந்தப் பக்கம் இருந்து வரும் குரல் அதற்கு எட்டவே எட்டாது.

ஐயா "சரி, சரி" என்றார். என் தாளை என்னிடமே நீட்டினார். "நீ எழுதினதை நீயே அடி. நான் அடிச்சா அது வேற."

அடித்தேன். 'என் சோதனை தவறு. டிரைவர் சொன்னது உண்மை' என்று எழுதிக்கொண்டு அதிகாரி அறைக்கு நானே போனேன். உத்தரவு நின்றது. எனக்கு ஒரு வருட ஊதிய உயர்வு நின்றது. அன்று சாயங்காலமே பஸ் பிடித்து வடக்கனந்தலுக்குப் போனேன். ஏழுமலை வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக்குச்சி நறுக்கிக்கொண்டிருந்தார். வேலை போனால் மரவள்ளி விவசாயம்தான் என்று முடிவு செய்துவிட்டார் போலிருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொடுவாளைக் கீழே வைக்காமலே கேட்டதால் கொஞ்சம் தள்ளி நின்றே சொன்னேன்.

"மிஷினு சொன்னா நம்புறீங்க, மனுசன் சொன்னா நம்ப மாட்டேன்றீங்க. இன்னா படிப்புங்க இது?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சம்சாரம்தான் உள்ளேயிருந்து வந்து, அவித்த கிழங்கைக் கொடுத்து உட்காரச் சொன்னார். அன்றைக்கு ஆரம்பித்த சிநேகிதம் இன்னும் ஓடுகிறது. 'நீங்க' என்பது 'நீ' ஆக ஆறு வருடம் பிடித்தது. பச்சைப் பெட்டியை நாங்கள் தூக்கிப் போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐயா மூடி விளிம்பில் பெயிண்டைச் சுரண்டச் சொல்லி, சுற்றிலும் கூடுதலாக ஆறு திருகு போடவைத்தார். அதற்குப் பிறகு அது பதினோரு வருடம் ஒழுங்காக உழைத்தது. ஐயா ஓய்வு பெற்ற அன்று அந்தக் கேபிளைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இந்தக் கதையை அந்தக் கேபிளோடுதான் சொல்வேன்.

ஆகவே கலைவாணியின் கடைக்கு அதை எடுத்துக்கொண்டுதான் போனேன். பின்சீட்டில் ஏழுமலை. அவருக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. நான் எங்கே மிஷின் பார்க்கப் போனாலும் அவர் கூட வருவார், "இவுரு கையெழுத்துப் போட்டா ஜாக்கிரதையா இருங்க" என்று நாலு பேரிடம் சொல்வதற்காக.

கலைவாணி சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பாலிடெக்னிக் ஒன்றில் அரை நாள் அனுமதி வாங்கி, அங்கிருந்த பெரிய மிஷினில் ஒரு நல்ல செட்டைச் சோதித்து, சிக்னலைக் குறைத்துக்கொண்டே வந்தால் எந்தப் படியில் அதன் காது அடைக்கிறது என்று குறித்து வைத்திருந்தார். இப்போது அதே செட்டை இந்தச் சின்னப் பெட்டியில் மாட்டி, அதே படியில் அடைக்கிறதா என்று பார்த்தால் போதும். எனக்கே தோன்றியிராத யோசனை.

பெட்டியை ஆன் செய்துவிட்டு மூவரும் டீ குடிக்கப் போனோம். வந்து பார்த்தபோது அலைவரிசை இருநூறு ஹெர்ட்ஸ் போல நகர்ந்து ஓரிடத்தில் நின்றிருந்தது. அது பெரிய குற்றமில்லை. இரட்டிப்பு அலைவரிசையிலும் சன்னமாக ஒரு குரல் கொடுத்தது. மலிவுச் சரக்குக்கு அந்தக் குணம் உண்டு, நம் செட் அந்தப் பக்கம் கேட்கப் போவதில்லை. அடுத்து முக்கியமான சோதனை. என் பையிலிருந்து கேபிளை எடுத்து, நடேசன் ஐயா பெயரைச் சொல்லி, பழைய முனை புதுப் பெட்டியில் ஏறாததால் இரண்டு பக்கமும் அடாப்டர் என்கிற மாற்றுத் திருகு போட்டு மாட்டினேன். சிக்னலைப் படிப்படியாகக் குறைத்தேன்.

கலைவாணி குறித்திருந்த படி வந்தது. செட் கேட்டுக்கொண்டே இருந்தது. இன்னும் ஒரு படி. கேட்டது. இன்னும் நான்கு படி இறக்கினேன். ஒரு செட்டாலும் கேட்க முடியாத அளவு அது. 'கூ' என்று கேட்டது.

எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முப்பது வருடத்துக் கதை கண்ணெதிரே திரும்ப நடக்கிறதே. "கசியுதும்மா. அன்னிக்கி பச்சைப் பெட்டி, இன்னிக்கி கறுப்புப் பெட்டி. திருப்பி அனுப்பிடு" என்றேன்.

கலைவாணியின் முகம் சுருங்கிவிட்டது. இந்தப் பெட்டி போனால் வேறு வாங்க வழியில்லை, அறக்கட்டளை வேலையும் போய்விடும். அட்டைப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஏழுமலை வாயைத் திறந்தார்.

"கேபிள புடுங்கிப் பாத்தியா?"

நான் பார்க்கவில்லை.

ஊர் ஊராக அந்தக் கதையைச் சொன்னவன், கதையில் ஐயா செய்த ஒரே காரியத்தைச் செய்யவில்லை. மாற்றுத் திருகைக் கழற்றச் சோம்பல் என்று சொல்லலாம். ஆனால் உண்மை அதுவல்ல. பெட்டி மலிவு என்பதால் முடிவை முன்கூட்டியே எழுதிவிட்டேன்.

கேபிளை இரண்டு பக்கமும் கழற்றினேன். கடை அமைதியாகிவிட்டது. 'கூ' இல்லை. செட்டைப் பெட்டியின் தலைமேலேயே வைத்துப் பார்த்தேன். மூச்சு இல்லை.

கலைவாணி மேசை இழுப்பறையிலிருந்து தன் புதுக் கேபிளை எடுத்து மாட்டினார். ஒவ்வொரு படியாகக் குறைத்தார். பாலிடெக்னிக்கில் எங்கே அடைத்ததோ அதே படியில் செட்டின் காது அடைத்தது. மூன்று முறை பார்த்தோம். மூன்று முறையும் அதே இடம்.

ஐயாவின் கேபிளைக் கையில் எடுத்து, முனையில் உறையைப் பிளேடால் கீறினேன். உள்ளே சுற்றியிருக்க வேண்டிய செம்புப் பின்னல் பச்சையாகப் பூத்து, பொடியாக உதிர்ந்தது. எந்தப் பெட்டியும் வெளியே கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதை உள்ளே விடாமல் தடுப்பது கேபிளின் பின்னல். என் கேபிளுக்குப் பின்னல் இல்லை. அது ஏரியல் மாதிரி அக்கம்பக்கத்தில் இருந்ததையெல்லாம் பொறுக்கிச் செட்டுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு லேசா சந்தேகம் இருந்துச்சு சார். உங்க ஐயா கேபிளாச்சே, எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்" என்றார் கலைவாணி.

"நல்லா இருந்த. நடேசன் ஐயாவும் இப்பிடி மரியாத பாத்திருந்தா அன்னிக்கி எனக்கு வேல போயிருக்கும்" என்றார் ஏழுமலை. பிறகு என் பக்கம் திரும்பி, "பாவம்பா அந்தப் பொட்டி. நான் கேக்கலன்னா, என்ன அனுப்பப் பாத்த மாதிரியே வூட்டுக்கு அனுப்பியிருப்ப" என்றார்.

சிரித்துவிட்டேன். வெட்கமாகவும் இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது. வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: இந்த வேலைக்கு இந்தப் பெட்டி போதும். டீ குடிக்காமல் தொடக்கூடாது. நல்ல கேபிள் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாலிடெக்னிக்கில் ஒப்பிட வேண்டும். அடிமட்டப் படிகளை நம்பும்போதெல்லாம் கேபிளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கலைவாணி கேட்டுக்கொண்டார். அட்டைப்பெட்டியை மடித்துப் பழைய பேப்பரோடு போட்டார்.

இருபத்தாறு செட்டில் ஒன்பது செவிடாக இருந்தது இந்தப் பெட்டியில்தான் தெரிந்தது. ஒன்பதையும் சரிசெய்து கலைவாணி கையெழுத்துப் போட்டார். போன மாதம் செட்டுகளை மலைக்கு ஏற்றிய அன்று எங்களையும் வரச் சொன்னார். அவர் வெள்ளிமலையில் இருந்து கூப்பிடுவார், நாங்கள் ஒரு செட்டோடு பாதையில் எங்காவது நின்று கேட்டுச் சொல்ல வேண்டும். எங்கே நிற்பது என்று ஏழுமலையிடம் கேட்கவே இல்லை. அந்த வளைவு வந்ததும் நானே நிறுத்தினேன். புளியமரம் இருக்கிறது, முன்னைவிடப் பருத்திருக்கிறது.

சிறிது நேரம் ஒன்றும் வரவில்லை. ஏழுமலை செட்டின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கலைவாணியின் குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல வந்தது. "பாதையில யாரு இருக்கீங்க? கேக்குதா?"

செட்டை ஏழுமலையிடமே கொடுத்தேன். வாங்கியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், தொண்டையைச் செருமினார், பட்டனை அழுத்தினார்.

"ஜீப்பு பேசுதுங்க. நல்லா கேக்குது. எங்க வரணும், சொல்லுங்க."

அங்கே ஜீப் எதுவும் இல்லை. நாங்கள் போயிருந்தது என் பழைய ஸ்கூட்டரில்.